பால் காய்வதற்குள்

மறுபடியும் அதே கத்தல். கீ, கொஞ்சம் நிறுத்தம், கீ, கொஞ்சம் நிறுத்தம், கீ. உள்ளே விசிறி சுற்றுகிறது, ஓரத்தில் நீல விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகக் கிடக்கிறது, அதில் என் முகம் தெரிகிறது, சவரம் செய்த முகம், ஞாயிற்றுக்கிழமை நான் சவரம் செய்வதில்லை, இன்றைக்குச் செய்தேன், எதற்கு என்று யாராவது கேட்டால் மில்லுக்கு யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று சொல்லிவிடலாம் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன், கேட்கத்தான் ஆள் இல்லை. சாரதாமணி நாலு மணிக்கு மேல் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். இந்த லேப்டாப்புக்காக வருகிறாள். மாசியில் திருப்பூர் போனவள், இது ஐப்பசி, இடையில் அவளுடைய சாமான் ஒவ்வொன்றாகப் போய்விட்டது, முதலில் தையல் மிஷின், பிறகு பீரோவிலிருந்த சேலைகள், பிறகு அவளுக்குப் பிடித்த அந்த இரும்பு தோசைக்கல், அதை எடுத்துப் போனபோது மட்டும் எனக்குக் கொஞ்சம் வலித்தது, தோசையும் நின்றுபோனது. மிச்சம் இது ஒன்றுதான். இதுவும் போய்விட்டால் அவள் இந்த மாடிப்படி ஏறி வருவதற்கு வேறு காரணமே கிடையாது. நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வா என்று கேட்கப்போவதில்லை, அப்படிக் கேட்கிற வாய் எனக்குக் கிடையாது. இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போகட்டும். ஒரே ஒரு காப்பி. அதற்காகத்தான் இவ்வளவும், அதற்காகத்தான் காலையிலிருந்து இதை மல்லாக்கப் போட்டு வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இது என்னடாவென்றால் கத்துகிறது.

இது எப்போதும் மெதுவாகத்தான் இருந்தது. அவள் எம்ப்ராய்டரி டிசைன் போடுகிறவள், ஜாக்கெட்டின் கையில் ஓடுகிற மயில், மாங்காய், கொடி, எல்லாவற்றையும் முதலில் பென்சிலால் போட்டுப் பிறகு இதில் ஏற்றுவாள், ஒரு மயிலுக்குத் தோகையில் நிறம் கூடக்கூட இது மூச்சு வாங்கும். சுவிட்சை அழுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். சட்னி அரைத்து, தாளித்து, இட்லி வெந்ததா என்று குத்திப் பார்த்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்ப்பாள், அப்போதுதான் அது கண்ணைத் திறந்திருக்கும். இதுக்கு மெமரி சேர்த்துப் போட்டா வேகமா ஓடுமாமுங்க, என்பாள். பார்க்கலாம், என்பேன். பார்க்கலாம் என்றால் பார்க்கலாம் என்றுதானே அர்த்தம், மாட்டேன் என்றா சொன்னேன், ஒரு மனிதன் பார்க்கலாம் என்று சொன்னால் அதை நம்புவதற்கு ஒரு பொறுமை வேண்டும், இதோ பார்த்துவிட்டேன், வாங்கிவிட்டேன், கடைக்காரப் பிரபாகரனிடம் லேப்டாப்பின் வயதைச் சொல்லி, அதற்குப் பொருந்துகிற மாதிரியே தேடி வாங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்தேன், விரல் நீளத்துக்குப் பச்சைத் தகடு, அடியில் வரிசையாகத் தங்க நிறத்தில் பல். இன்று காலையில் பெட்டியைப் பிரித்ததும் சும்மா வைத்துக்கொண்டு பார்த்தேன். புதிதாக எந்தச் சாமான் இந்த வீட்டுக்குள் வந்தாலும் சாரதாமணி சந்தனமும் குங்குமமும் வைக்காமல் அதைத் தொட விடமாட்டாள். மிக்ஸிக்கு வைத்தாள், குக்கருக்கு வைத்தாள், கேஸ் அடுப்புக்கு வைத்தாள், சரி, கொசு அடிக்கிற பேட்டுக்குமா வைப்பார்கள், வைத்தாள். கொல்லப்போகிற சாமானுக்கு எதற்கடி பொட்டு என்று கேட்டேன், சிரித்தாள், நான் கேட்டு அவள் சிரித்தது என்று எண்ணிப் பார்த்தால் அப்படிச் சில சமயங்கள் இருக்கத்தான் செய்கின்றன. அதனால் அவளுக்குப் பதிலாக நானே சந்தனத்தூளைக் குழைத்தேன், தண்ணீர் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, விரல் நுனியால் தகட்டின் நடுவில் ஒன்று வைத்து, அதன்மேல் குங்குமத்தைத் தொட்டு வைத்து, வழிந்ததை வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, சாமி படத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தேன். இவ்வளவு முறையாக ஆரம்பித்த காரியம் இப்படியா ஆக வேண்டும்.

சரி, பதறாதே, முதலிலிருந்து வா. பேட்டரியைக் கழற்று. திருகாணிகளை இந்தத் தட்டில் போடு, ஒன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, பிறகு எடுத்துக்கொள்ளலாம், போனால் போகிறது. உள்ளே இரண்டு குழி, ஒன்றில் பழைய மெமரி, இன்னொன்றில் புதியது. இரண்டு பக்கக் கொக்கியையும் நகத்தால் தள்ளினால் தகடு தானாக எழுந்து நிற்கும், காலையில் முதல்முறை அது எழுந்தபோது உடைத்துவிட்டேனோ என்று கையை எடுத்துவிட்டேன், இப்போது பழகிவிட்டது. புதியதை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் வைத்துப் பார்த்தேன், வந்தது, பழையபடி முனகிக்கொண்டே வந்தது. அப்பாடா என்று இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பழையபடியே இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பழையபடியே இருக்கிறது என்பதை அவளிடம் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. பிரபாகரனுக்குப் போன் போட்டேன். ஏதோ கல்யாணத்தில் இருக்கிறான், பின்னால் மேளம், பாத்திரச் சத்தம், யாரோ ரசம் ரசம் என்று கூவுகிறார்கள். “சென்னியப்பண்ணா, பயப்படாதீங்ணா, குழிய மாத்திப் போட்டுப் பாருங். அதுக்கும் வல்லீன்னா அந்தத் தங்கப் பல்ல ரப்பர் வெச்சு ஒரு தேய் தேய்ங்.” எந்த ரப்பர் என்று கேட்பதற்குள் மேளம் அவனை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பந்தியில் உட்கார்ந்திருக்கிறவனை எத்தனை தரம் கூப்பிடுவது. குழியை மாற்றினேன், பழையது இருந்த இடத்தில் புதியதை வைத்தேன், கத்தியது. சரி போ என்று அதை எடுத்துவிட்டுப் பழையதை அதன் பழைய இடத்திலேயே வைத்தேன். கத்தியது. நன்றாக இருந்த பழையதும் கத்துகிறது. இப்போது புதியதும் இல்லை, பழையதும் இல்லை, அவளுடைய மயில் எல்லாம் உள்ளே கிடக்கிறது, இருக்கிறதா போய்விட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது, இருக்கும், அது வேறு இடத்தில் இருக்கும் என்று பிரபாகரன் எப்போதோ சொன்ன ஞாபகம், இந்தத் தகட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லையாம், ஆனால் அவன் சொன்னான் என்று நான் நினைத்துக்கொள்கிறேனா என்பதும் சந்தேகமாக இருக்கிறது.

மூன்று மணி இருக்கும், வெயில் சன்னலிலிருந்து தரைக்கு இறங்கிவிட்டது. கீழ் வீட்டில் சீரியல் ஓடுகிறது, யாரோ ஒருத்தி அழுகிறாள், ஞாயிற்றுக்கிழமைகூட விடமாட்டார்களா. இப்படியே இருக்கட்டுமே என்று ஒரு நினைப்பு வருகிறது. வராமல் இல்லை, வருகிறது. ரிப்பேர் ஆகிவிட்டது சாரதா, கடையில் கொடுத்திருக்கிறேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் இன்னும் கொடுக்கவில்லை, அதற்கடுத்த வாரம் வா. இப்படித் தை வரைக்கும் ஓட்டலாம். ஓட்டலாம், ஆனால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், ஒரு பார்வை பார்ப்பாள். வேண்டுமென்றே செய்தீர்களா என்று கேட்காமல் கேட்கிற பார்வை. அதற்குச் சண்டையே போட்டிருக்கலாம். நாங்கள் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை, சண்டை போட்டிருந்தால் சமாதானம் என்று ஒன்று வந்திருக்கும், இது அப்படி இல்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள், “நான் பேசறது உங்குளுக்குக் கேக்குதுங்களா, இல்லீங்களா?” கேட்கிறது என்றேன். “அப்ப நான் இப்ப என்ன சொன்னனுங்க?” எனக்கு வாயில் சோறு இருந்தது. அவள் சொன்னது திருப்பூரில் ஒரு கம்பெனியில் டிசைன் போட ஆள் கேட்கிறார்கள், அக்கா வீட்டில் தங்கிக்கொள்ளலாம், போகட்டுமா என்பது, அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன், அவள் பெட்டி கட்டும்போது. நாள் முழுக்க மில்லில் இயந்திரச் சத்தம், வீட்டுக்கு வந்தால் காது தானாக மூடிக்கொள்கிறது, அது என் தப்பா, அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் அப்படித்தான், அவர்கள் பெண்டாட்டிகள் எல்லாம் வீட்டில்தான் இருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். இப்போது காது நன்றாகத் திறந்திருக்கிறது. குழாய் சொட்டுவது கேட்கிறது, ஃப்ரிட்ஜ் தானாகக் குலுங்கி நிற்பது கேட்கிறது, யாராவது படியேறினால் எத்தனையாவது படியில் இருக்கிறார்கள் என்பதுகூடத் தெரிகிறது, மாடியில் துணி காயப்போடப் போகிறவர்கள். தனியாக இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை, இந்த லேப்டாப்பின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு சொல்லிக்கொள்கிறேன்.

சந்தன வாசனை வருகிறது. நிமிர்ந்துவிட்டேன். வந்துவிட்டாளா, படியேறிய சத்தம் கேட்கவில்லையே. கதவைப் பார்த்தேன், கதவு சும்மா திறந்து கிடக்கிறது. வாசனை அங்கிருந்து வரவில்லை, மேசையிலிருந்து வருகிறது, குனிந்து மோந்தேன், லேப்டாப் சூடாகியிருக்கிறது, அந்தச் சூட்டோடு விசிறி வழியாகச் சந்தனம் வருகிறது. அட மடையா. தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் வைத்த பொட்டு நடுவிலேயே இல்லை, தண்ணீர் கூடியதால் வழிந்து, நான் துடைத்த துடைப்பில் இன்னும் பரவி, தங்கப் பல்லில் பாதிக்கு மேல் மஞ்சளாக ஒரு பூச்சு, அங்கங்கே சிவப்பு. அதோடு அதைக் கொண்டுபோய் இரண்டு குழியிலும் ஒன்று மாற்றி ஒன்றில் அழுத்தி, இரண்டுக்கும் சந்தனம் பூசியிருக்கிறேன். பழையது வந்து அதில் உட்கார்ந்தால் அதற்கும் பூசிக்கொள்ளாதா. பூசிக்கொண்டிருக்கிறது. உலகத்தில் எத்தனையோ பேர் மெமரி போடுகிறார்கள், பொட்டு வைத்துக் கெடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிரிப்பு வந்தது. கொசு பேட்டுக்குப் பொட்டு வைத்தவளிடம் இதைச் சொன்னால் எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்தேன், சொல்லமாட்டேன் என்றும் தெரிந்தது.

ரப்பர் வேண்டும். பிள்ளை இல்லாத வீட்டில் ரப்பருக்கு எங்கே போவது, கீழ் வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், போய்க் கேட்டால் எதற்குங்க அண்ணா என்பார்கள், அக்கா எப்போதுங்க வருவாங்க என்பார்கள், அந்தக் கேள்விக்குப் பயந்துதானே நான் படியிறங்கும்போது போனைக் காதில் வைத்துக்கொண்டே இறங்குகிறேன். அப்போதுதான் தையல் மிஷின் இருந்த மூலையில் அந்தப் பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்தது. மிஷினை எடுத்துப் போனவள் டப்பாவை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், உள்ளே அறுந்த நூல், துருப்பிடித்த ஊக்கு, பாவாடை நாடா கோக்கிற ஊசி, அடியில் ரப்பர். மயிலைத் தப்பாகப் போட்டு அழித்து அழித்து ஒரு பக்கம் தேய்ந்து சரிந்த ரப்பர், பென்சில் கரி படிந்து சாம்பல் நிறமாக இருக்கிறது. அவள் கட்டைவிரல் பட்ட பள்ளத்தில் என் விரலை வைத்தால் நன்றாகப் பொருந்துகிறது. தேய்த்தேன். ஒரு பக்கம், மறுபக்கம், பழையது, புதியது. சந்தனம் துகள் துகளாக வந்தது, ஊதினேன், எச்சில் பட்டுவிடுமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊதினேன். குழிக்குள் ரப்பர் போகாது, பிரிக்காத பல் பிரஷ் ஒன்று இருந்தது, கடைசியாக அவள் இருந்தபோது ஜோடியாக வாங்கியதில் மிஞ்சியது, அதைப் பிரித்து உள்ளே கூட்டிக் கூட்டி எடுத்தேன், காகித ஓரத்தை விட்டு இழுத்தேன், சந்தனம் வராமல் வெறும் காகிதமாக வருகிற வரைக்கும் இழுத்தேன். இவ்வளவு பொறுமை எனக்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிறகு இரண்டையும் சாய்த்து வைத்து, அழுத்தி, கொக்கி டக் என்று பிடித்தது, பேட்டரி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சை அழுத்தினேன். கத்தவில்லை. விசிறி சுற்றியது, திரையில் வெளிச்சம், கண்ணைக் கசக்கிப் பார்ப்பதற்குள் அவள் வைத்திருந்த மயில் படம் வந்து நின்றது. வந்தேவிட்டது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன், மறுபடியும் அப்படித்தான், ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட இல்லை. சாரதா, பார், என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். என் குரல் சுவரில் பட்டு வந்தது. அதனால் என்ன, இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் இங்கேயே உட்கார்ந்து பார்க்கப்போகிறாள்.

லேப்டாப்பை அணைத்து, திருகாணிகளைப் போட்டு மூடி வைத்தேன். ஆட்டோ சத்தம் கேட்டதும் ஃப்ரிட்ஜிலிருந்து பாலை எடுத்து அடுப்பில் வைத்தேன். சின்ன அடுப்பில், அதையும் சிம்மில் வைத்தேன். பால் எவ்வளவு மெதுவாகக் காய்கிறதோ அவ்வளவு நேரம் அவள் இருப்பாள் என்று ஒரு கணக்கு, இந்தக் கணக்கையெல்லாம் நான் நன்றாகவே போடுவேன். படியேறுகிறாள், நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறாள், முன்பு அப்படி நின்றதில்லை. செருப்பை வாசலில் கழற்றினாள், கழற்றும்போதே அதன் மூக்கை வெளிப்பக்கம் திருப்பி வைத்தாள்.

“வந்துட்டனுங்க. நல்லாருக்கறீங்களா? இளைச்சுட்டீங்.”

“இல்லையே. உக்காரு. மெமரி போட்டிருக்கேன் பாரு.”

“எதுக்குங்க?” என்றாள். உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். “சொல்லியிருந்தா வேண்டாமுன்னு சொல்லியிருப்பனுங்க. கம்பெனீல புதுசு குடுத்துட்டாங்க. என்ர டிசைன மட்டும் பென் டிரைவுல ஏத்திட்டுப் போயர்றனுங்க. லேப்டாப்ப நீங்களே வெச்சுக்குங்க.” கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள்.

அப்படியா என்றேன். காப்பி போடுகிறேன் என்று சமையலறைக்கு வந்துவிட்டேன். பால் அப்படியே வெள்ளையாக, அசைவில்லாமல் இருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன், இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது. பரவாயில்லை, இது மெதுவாகக் காயட்டும், அவள் சுவிட்சைப் போட்டு, அது கண் திறந்து, அந்த டிசைன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, அதற்குள் காப்பி குடித்து, இன்னும் கொஞ்சம் மிக்சர் சாப்பிட்டு, அக்கா எப்படி இருக்கிறார், வேலை எப்படி இருக்கிறது, மூச்சு ஏன் வாங்குகிறது என்று கேட்கலாம், கேட்டுவிட்டுப் பதிலையும் காது கொடுத்துக் கேட்கலாம், கேட்கவேண்டியதை வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அங்கிருந்து அவள் குரல் வந்தது.

“அட! என்னங்க இது, இந்த ஓட்டம் ஓடுது!”

சந்தோஷமான குரல். நான் கேட்க விரும்பிய குரல்தான் அது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிம்மில் இருந்த அடுப்பைப் பெரிதாக்கினேன். சின்ன அடுப்பு, எவ்வளவு திருகினாலும் அதற்கு மேல் எரியாது, பெரிய அடுப்புக்கு மாற்றுவதற்காகப் பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கினேன்.

“ஆயிடுச்சுங்க,” என்றாள். நாற்காலி நகர்கிற சத்தம். “நானு பொழுது எறங்கற வரைக்கும் இருக்க வேண்டியிருக்கும்னு நெனச்சனுங்க. எதுக்கும் இருக்கட்டும்னு ஆட்டோவ நிக்கச் சொன்னது நல்லதாப் போச்சு.”

பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டே சமையலறை வாசற்படிக்கு வந்து நின்றேன். அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டிருந்தாள். மூச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

“சந்தன வாசனை வருதுங்க. இதுக்குப் பொட்டு வெச்சீங்களா?”

ஆமாம் என்று சொன்னால் போதும். ஆமாம், வைத்தேன், அதனால் காலையிலிருந்து என்ன பாடு பட்டேன் தெரியுமா என்று ஆரம்பித்தால் அவள் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தாலும் உட்காருவாள். வாய்வரைக்கும் வந்தது.

“இல்லையே,” என்றேன்.

“எனக்குத்தான் அப்படித் தோணுதாட்ட இருக்குதுங்க,” என்றாள். “பால் இன்னும் காயலைங்களா? பரவால்லீங்க, நீங்க குடிங்க. கொசு வலையத் தொவைச்சுப் போடுங்க, கறுத்துக் கெடக்குது. வாரனுங்க.”

செருப்பு ஏற்கெனவே வெளிப்பக்கம் பார்த்துத்தான் இருந்தது. படியிறங்குவது முழுவதும் கேட்டது, நடுவில் நிற்கவில்லை. ஆட்டோ கிளம்பியது. கையில் பாத்திரம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது, திரும்பப் போய்ச் சின்ன அடுப்பிலேயே வைத்தேன், அடுப்பைச் சிம்மில் வைத்தேன். பிறகு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன், உட்கார்ந்த இடத்தில் இன்னும் சூடுகூட ஏறியிருக்கவில்லை. மயில் படம் பளிச்சென்று நின்றுகொண்டிருந்தது. லேப்டாப்பை அணைத்து, மல்லாக்கப் போட்டு, திருகாணியைக் கழற்றி, புது மெமரியை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தேன். பழையதை மட்டும் வைத்து மூடி, சுவிட்சை அழுத்திவிட்டுக் காப்பி கலக்கச் சமையலறைக்குப் போனேன். அது வழக்கம்போல மெதுவாக வரட்டும்.